பெயரைக் காப்பது யார்?

அமெரிக்காவின் அரிசோனா மாநில மேட்டுநிலங்களில் வாழும் ஹோப்பி மக்கள், மானாவாரியாக மக்காச்சோளம் பயிரிடுபவர்கள்; அவர்களுள் ஆடவர் நெசவும் அறிந்தவர். மழை தரும் தெய்வ ஆவிகளாகிய ‘கச்சினா’க்களின் உருவைக் காட்டன்வுட் மரவேரில் செதுக்கி, வண்ணந் தீட்டிச் சடங்குகளின்போது சிறுமியர்க்கு அளிப்பது அவர்தம் தொன்மரபு. அவை விளையாட்டுப் பொம்மைகளல்ல, சமயக் கல்விக்குரியவை.

வெளியார் அவற்றை விரும்பி வாங்கத் தொடங்கியதும் போலிகள் மலிந்தன. பழங்குடியினர் செய்யாததை அவர் செய்ததெனக் கூறி விற்பதை 1990ஆம் ஆண்டுச் சட்டம் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. நன்றே, ஆயினும் போதாது. நவஹோ இனத்தார் தம் பெயரைக் குறித்தே கச்சினா செய்து விற்பின், அதனை அச்சட்டம் தடுப்பதில்லை. ஹோப்பிச் சிற்பியின் வருவாயும் குறைகிறது. வழிபாட்டுப் பொருளின் மதிப்பும் குன்றுகிறது.

சட்டம் எட்டாத இடத்தில் காவல் நிற்கவேண்டியது உற்பத்தியாளரின் ஒற்றுமையே. ஹோப்பி வெள்ளி வேலைக்காரர் 1949இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தத்தம் முத்திரையோடு சங்க முத்திரையும் பொறித்தனர். மரச்சிற்பத்திற்கும் அதுவே தக்க வழி என்பது என் கருத்து.

விசைத்தறிச் சேலை கைத்தறியென விலைபோவதைக் கண்டு வருந்தும் நம் அங்கத்தினர் இதனைச் சிந்திப்பாராக. முத்திரையின்றி ஓர் உருப்படியும் சங்கத்தைவிட்டு வெளியேறலாகாது.