சித்தப்பா அனுப்பின தீபாவளிப் படம்

வந்துடுச்சு மக்களே, இந்தத் தீபாவளிக்கும் அந்தப் படம். கும்மிருட்டுல இந்தியா மட்டும் சிவப்பு, பச்சை, நீலம்னு ஜொலிக்குமே, அதேதான். "விண்வெளியிலிருந்து தீபாவளி இரவு"ன்னு தலைப்பு வேற. அனுப்பினது பாகூர் சித்தப்பா.

நம்ம வாய் சும்மா இருக்குமா? "அது ஒரு ராத்திரியில எடுத்த போட்டோவே இல்ல சித்தப்பா"ன்னு ஆரம்பிச்சேன். அமெரிக்காவோட நோவா அமைப்புல இருந்த கிறிஸ் எல்விட்ஜ் 2003-ல செயற்கைக்கோள் தரவுகளை வச்சு உருவாக்கினது. 1992-க்கு முன்னாடியே தெரிஞ்ச விளக்குகள் வெள்ளை. 1992, 1998, 2003-ல புதுசா தெரிஞ்சதுக்கு நீலம், பச்சை, சிவப்பு. மக்கள்தொகை எப்படிப் பெருகுதுன்னு காட்டத்தான் அந்தக் கலரெல்லாம். 2012 நவம்பர் 12 ராத்திரி எடுத்த நிஜப் படத்தை நாசாவே வெளியிட்டு, தீபாவளியால கூடுற வெளிச்சம் மேலேர்ந்து தெரியறதே சந்தேகம்னு சொல்லிடுச்சு.

"அழகாத்தானடா இருக்கு, உனக்கு இன்னா போச்சு?"ன்னார் சித்தப்பா.

நியாயமான கேள்விதான். ஆனா 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தப்போ, இதே சித்தப்பா போன் மேல போன் போட்டு என்கிட்ட கேட்டது இன்சாட் படத்தை. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துலேர்ந்து எடுக்கறது. பகல்ல மேகம் பஞ்சு பஞ்சா தெரியும். சாயங்காலமானா கிழக்கேயிருந்து இருட்டு தின்னுக்கிட்டே வந்து படம் மொத்தமும் கருப்பாயிடும். அப்புறம் அகச்சிவப்புதான் கதி. அது வெளிச்சத்தைப் பார்க்கறதில்ல, மேகத்தோட உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்குன்னு பார்க்குது. வெறும் சாம்பல் கலர், பார்க்க ஒரு லட்சணமும் இருக்காது. அதே நேரம் குடும்ப குரூப்புல எங்கேயோ, எப்பவோ எடுத்த கலர் புயல் படம் ஒண்ணும் சுத்திக்கிட்டிருந்தது. எது நிஜம்னு அந்த நேரத்துல உட்கார்ந்து விளக்க முடியுமா சொல்லுங்க? தீபாவளிப் படத்துக்கே நான் மல்லுக்கட்டறது இதுக்குத்தான்.

ஆச்சரியம்தான் வேணும்னா நிஜத்துலயே இருக்கு. நம்ம அட்சரேகையில இந்த இருட்டுக் கோடு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 27 கிலோமீட்டர் மேற்கே ஓடுது. பாகூர்ல சூரியன் முழுகினா, நம்ம புதுச்சேரி யூனியனைச் சேர்ந்த மாஹேவுல முழுக இன்னும் 17 நிமிஷம் ஆகும். ஒரே அரசாங்கம், ரெண்டு சாயங்காலம்!

இதைச் சொன்னதும் சித்தப்பா நம்பல. மாஹேவுக்கு மாற்றலாகிப் போன தன் சிநேகிதருக்கு மறுநாளே ஏரிக்கரையிலேர்ந்து போன் போட்டிருக்கார்: "இங்க முழுகிடுச்சுப்பா, அங்க இன்னா நிலவரம்?"