சினை பிடிக்காத பசுவுக்கு ஊசி மட்டும் போதுமா?

கன்று ஈன்று நான்கைந்து மாதமாகியும் பசு சினை பிடிக்காவிட்டால், "ஒரு ஹார்மோன் ஊசி போட்டுவிடுங்கள்" என்று கேட்பது கிராமங்களில் வழக்கமாகிவிட்டது. ஊசிக்கும் பலன் கிட்டாதபோது நல்ல கறவை மாடு அடிமாட்டு விலைக்குப் போய்விடுகிறது. இந்த அவசரம் விவசாயிக்கு நஷ்டமே.

பசுவுக்குச் சராசரியாக 21 நாட்களுக்கு ஒரு முறை சினைப் பருவம் வருகிறது. இதை நடத்துவது ஒரே ஒரு ஹார்மோன் அல்ல. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்கள், சினைப்பையில் முட்டைக் கொப்புளத்தை வளர்க்கின்றன. வளர்ந்த கொப்புளம் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. மாடு கத்துவதும், பிற மாடுகள் மேல் தாவுவதும், கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகுவதும் இதனால்தான். ஈஸ்ட்ரோஜன் உச்சத்தை எட்டியதும் பிட்யூட்டரியிலிருந்து எல்.எச். ஹார்மோன் பெருகி, முட்டை வெளிப்படுகிறது. அந்த இடத்தில் மஞ்சள் திரள் உண்டாகி, புரோஜெஸ்டிரோனைச் சுரந்து கருப்பையைத் தயார் செய்கிறது. கரு தங்கினால் இத்திரள் நிலைக்கும். தங்காவிட்டால், கருப்பையே புரோஸ்டாகிளாண்டினை அனுப்பி அதைக் கரைத்துவிடும். மீண்டும் பருவம் வரும்.

பருவத்துக்கு வரவழைக்கப் போடும் ஊசிகளில் ஒன்று இந்தப் புரோஸ்டாகிளாண்டின்தான். மஞ்சள் திரள் இல்லாத மாட்டுக்கு இது பயன்படாது. தெரியாமல் சினை மாட்டுக்குப் போட்டால் கன்று வீசிவிடும். ஆகவே, கால்நடை மருத்துவர் சினைப் பரிசோதனை செய்யாமல் இந்த ஊசி போடக் கூடாது.

தீனி குறைந்து மெலிந்த மாட்டின் மூளை, பிட்யூட்டரிக்குத் தரும் தூண்டுதலையே குறைத்துக்கொள்கிறது. அங்கே குறை ஊசியில் இல்லை, தொட்டியில் இருக்கிறது. அடர்தீவனம் விலை அதிகம் என்று சிறு விவசாயி சொல்வது நியாயமே. ஆனால் வரப்போரத்தில் அகத்தி, வேலிமசால், கம்பு நேப்பியர் புல் வளர்க்கலாம். தினமும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையும், மருத்துவர் ஆலோசனைப்படி குடற்புழு நீக்கமும் அவசியம்.

பருவம் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். தவறவிட்டால் இன்னும் 21 நாள் தீனி வீண். எனவே விடியற்காலையும் இரவு படுக்குமுன்னும் மாட்டைக் கவனித்து, பருவத் தேதியைத் தொழுவச் சுவரில் குறித்து வைக்க வேண்டும். காலையில் பருவம் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் கருவூட்டுவது நல்லது.

மூன்று முறை கருவூட்டியும் சினை பிடிக்காத மாட்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அடிமாட்டு வியாபாரியிடம் அல்ல. குறித்து வைத்த தேதிகள் அவருக்குப் பெரிதும் உதவும். ஊசி தேவையா என்பதை அதன் பிறகு அவரே முடிவு செய்யட்டும்.