பாடும் பாஸ்வேர்டும்

பழவேற்காடு ஏரியில் இறாலுக்கு வலை கட்டுவதற்கு ஒரு முறை உண்டு. அதற்குப் பெயர் 'பாடு'. நீரோட்டம் நன்றாக இருக்கும் இடங்கள் கொஞ்சம், வலை கட்ட நிற்பவர்கள் அதிகம். அதனால் சீட்டுப் போட்டு, முறை வைத்து, இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு என்று சுற்றி வருவார்கள். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் என்று ஊர்க்கணக்கும் உண்டு, தலைக்கட்டுக் கணக்கும் உண்டு. தலைக்கட்டில் பெயர் இல்லாதவருக்குப் பாடு இல்லை. (அதிலுள்ள சாதிக் கணக்கைப் பற்றித் தனியாகவே ஒரு சண்டை போடலாம். ஏரியை நம்பிப் பிழைக்கிற எல்லோருக்கும் அதில் இடம் கிடையாது.)

ஏரியை விட்டுவிட்டுப் பல்கலைக்கழக வை-ஃபைக்கு வருவோம். அங்கே நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். ஒரே அலைவரிசை, அதைச் சுற்றி நூறு செல்பேசி. ஒவ்வொரு செல்பேசியும் பேசுவதற்கு முன்னால் காது கொடுத்துக் கேட்கும். யாரும் பேசவில்லை என்றால் பேசும். இரண்டு செல்பேசிகள் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால் ஆளுக்குக் கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் பேசும். எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதைத் தனக்குத் தானே சீட்டுக் குலுக்கி முடிவு செய்துகொள்ளும். ஊர்ப் பெரியவர் தேவையில்லை.

இந்த யோசனை எங்கே பிறந்தது தெரியுமா? தீவுகளில்! ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவும் 1971 ஜூனில் 'அலோஹாநெட்'டை இயக்கிக் காட்டினார்கள். பல்கலைக்கழகத்தின் பெரிய கணினி ஓவாஹு தீவில், கல்லூரிகளோ வேறு வேறு தீவுகளில். தொலைபேசிக் கம்பியை நம்பாமல் வானொலி அலையில் சேர்த்துவிடலாம் என்பதுதான் திட்டம். அந்த முதல் முறையில் அலைவரிசையில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும். ஆனாலும் வேலை நடந்தது. ஈதர்நெட்டுக்கும், 1997-ல் வந்த 802.11 தரத்துக்கும், இன்று கையில் இருக்கும் வை-ஃபைக்கும் மூத்த பாட்டி அதுதான். அதே 1971-ல், அக்டோபரில், பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது என்பது உபரித் தகவல்.

ஆக, பல்கலைக்கழகக் கம்பியில்லா வலை என்பதே தொலைவில், தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருப்பவரைச் சேர்த்துக்கொள்வதற்காக வந்த ஒன்று. அதை மதில் சுவருக்குள் பூட்டி வைத்தது யார்?

ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் ஒரு மாணவியை எண்ணிக்கொள்ளுங்கள். அவளிடம் மடிக்கணினி இல்லை. இருப்பது ஒரு செல்பேசி, அதிலும் அண்ணனிடமிருந்து வந்தது. பல கல்லூரிகளில் அதை வை-ஃபையில் இணைக்க என்ன செய்ய வேண்டும்? படிவம் வாங்க வேண்டும். செல்பேசியின் 'மேக்' முகவரியைக் கண்டுபிடித்து எழுத வேண்டும். துறைத்தலைவர் கையெழுத்து. பிறகு கணினி மையத்தில் வரிசை. ஆளுக்கு ஒரு கருவிதான், மடிக்கணினிக்கு முன்னுரிமை.

கொடுமை என்னவென்றால், இத்தனை பாடு பட்டும் அது வேலை செய்யாது. ஆண்ட்ராய்டு 10-லிருந்து (2019), ஐஓஎஸ் 14-லிருந்து (2020), செல்பேசிகள் தங்கள் உண்மையான மேக் முகவரியைக் காட்டுவதில்லை. ஒவ்வொரு வலைக்கும் ஒரு பொய் முகவரியைத் தாங்களே உருவாக்கிக்கொள்கின்றன. ஆளைப் பின்தொடர்ந்து வேவு பார்ப்பதைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் படிவத்தில் எழுதியது ஒன்று, காற்றில் போவது வேறொன்று. "உன் போன்ல ஏதோ கோளாறும்மா" என்று பதில் வரும். கோளாறு போனில் இல்லை ஐயா, படிவத்தில்!

இதைவிட மோசம், 'சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்' என்று ஒட்டப்படும் அறிவிப்புகள். அந்தச் சான்றிதழ்தான் எதிரே இருப்பது உண்மையிலேயே நம் கல்லூரியின் சர்வர்தானா என்று செல்பேசி தெரிந்துகொள்ள இருக்கும் ஒரே வழி. அதைப் பார்க்காதே என்றால், அதே பெயரில் ஒரு போலி வை-ஃபை வைத்து எவரும் பாஸ்வேர்டை வாரிக்கொண்டு போகலாம். 2020 டிசம்பரில் கூகுள் தன் பிக்ஸல் செல்பேசிகளில் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டது. அறிவிப்பு மட்டும் சுவரில் தொங்கும்.

இதற்கெல்லாம் மாற்று இல்லாமல் இல்லை. எடுரோம் என்று ஒன்று இருக்கிறது. 2002-ல் நெதர்லாந்தில் கிளாஸ் வீரெங்கா முன்வைத்த யோசனை. இந்தியாவில் எர்நெட் நடத்துகிறது. மாணவியின் பெயரும் அவள் கல்லூரியின் இணையப் பெயரும் சேர்ந்ததுதான் அடையாளம். அவள் வேறு எந்த உறுப்புக் கல்லூரிக்குப் போனாலும், அங்குள்ள வை-ஃபை அவளை அறியாது, "இவர் உங்கள் பிள்ளையா?" என்று சொந்தக் கல்லூரியின் சர்வரைக் கேட்கும். ஆம் என்றால் உள்ளே விடும். பாஸ்வேர்டு நடுவில் யாருக்கும் தெரியாது. கருவி எது என்பது பற்றிக் கவலையே இல்லை. தலைக்கட்டு உறுப்பினர் எந்தக் குப்பத்துக்குப் போனாலும் அவர் பாடு கூடவே வருகிற மாதிரி.

உடனே பாதுகாப்பு என்பார்கள். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2008-ல் அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது மிரட்டல் மின்னஞ்சல் நவி மும்பையில் யாரோ ஒருவரின் பூட்டில்லாத வை-ஃபை வழியாகப் போனது. 2009-ல் தொலைத்தொடர்புத் துறை விதிகளை இறுக்கியது. சரி. யார் இணைகிறார்கள் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதானே? எடுரோமில் அது ஆள்வாரியாகத் தெரிகிறது. கையால் எழுதிய, பொய்யாகிப்போன மேக் முகவரியை வைத்துக்கொண்டு எந்தப் போலீஸ் யாரைப் பிடிக்கும்?

வளாகத்துக்குள் நியாயமாக இணைத்தால் மட்டும் போதாது. மாணவி மாலையில் குப்பத்துக்குத் திரும்புகிறாள். படிப்பு அங்கேதான் நடக்கிறது. 2021-ல் தமிழக அரசு ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி இலவச டேட்டா கார்டு அறிவித்தது. நல்ல காரியம், ஆனால் நான்கு மாதம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பொது நூலகங்களிலும் பள்ளிகளிலும் எடுரோம் கிடைக்கிறது. பழவேற்காட்டில் ஒரு நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ அது கிடைத்தால் என்ன குறைந்துவிடும்?

தொழில்நுட்பம் இல்லை என்று சொல்ல முடியாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இந்தியாவில் 2005 ஜனவரியிலிருந்தே லைசென்ஸ் வேண்டாம். தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனையும் பெர்க்லி பல்கலைக்கழகமும் சேர்ந்து, சாதாரண வை-ஃபைக் கருவிகளோடு திசை பார்த்த ஆன்டெனாக்களை வைத்து, கிராமக் கண் மையங்களை மருத்துவமனையோடு பல கிலோமீட்டர் தூரத்துக்கு இணைத்தார்கள். டாக்டர் அங்கே, நோயாளி இங்கே, நடுவில் வீடியோ. இங்கே பொன்னேரியில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரியே இருக்கிறது. அங்கிருந்து பழவேற்காடு பேருந்தில் போனாலே சுமார் இருபது கிலோமீட்டர். அலை நேர்கோட்டில் போகும்.

தண்ணீர் மேல் அலை பட்டுத் திரும்பிக் குழப்பும், கம்பத்தின் உயரத்தைக் கணக்குப் போட வேண்டும், உப்புக்காற்றில் கனெக்டர் துருப்பிடிக்கும் என்று ஆட்சேபம் வரும். வரட்டும். இதெல்லாம் இறுதியாண்டு மாணவர்கள் நான்கு பேருக்கு அருமையான புராஜெக்ட். ஏரியில் எங்கே ஆழம், எங்கே மேடு, எந்தக் காற்று எந்த மாதத்தில் என்று சொல்லித்தரக் குப்பங்களில் ஆட்கள் இருக்கிறார்கள். படகும் தருவார்கள். டீசலை மட்டும் பல்கலைக்கழகம் போடட்டும்.