நூலும் சேலையும்

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பது நம் முதுமொழி. மனநோய் கண்ட குடும்பங்களை இம்மொழி பெரிதும் வருத்தியிருக்கிறது. 'அது அவர்கள் வழியில் வருவது' என்றொரு சொல் எழுந்துவிட்டால் அவ்வீட்டுப் பெண்ணுக்கு மணம் பேச எவரும் வாரார். ஆயின், நூல் ஒன்றேயாயினும் பாவுக்குக் கஞ்சியிடும் பக்குவத்தால் துணி வேறுபடும் என்பதை நம் பொதட்டூர்ப்பேட்டை நெசவாளரைக் கேட்டால் சொல்வர்.

மரபும் உணவும் மூளையில் கைகோத்துச் செயற்படுவதற்கு, ஃபினைல்கீட்டோன்யூரியா என்னும் அரிய நோயினும் தெளிந்த சான்றில்லை. நார்வே நாட்டுத் தாய் ஒருத்தி, அறிவு வளர்ச்சி குன்றிய தன் இரு குழந்தைகளிடம் விந்தையான வாடை வீசுவதேன் என மருத்துவர்தோறும் கேட்டலைந்தாள். 1934இல் ஃபொல்லிங் என்னும் மருத்துவர் விடை கண்டார். புரதத்திலுள்ள ஃபினைல் அலனின் என்னும் பொருளை மாற்றியமைக்கும் நொதி, மரபணுக் குறையால் இக்குழந்தைகட்குச் செயற்படுவதில்லை. பாலும் பருப்புமாகிய நல்லுணவே மூளைக்கு நஞ்சாகிறது. 1953இல் பிக்கல் குழுவினர் அப்பொருளைக் குறைத்த உணவைத் தந்து ஒரு குழந்தை தேறக் கண்டனர். மரபணு மாறவில்லை, உணவு மாறியது. பிறந்த சில நாள்களில் தொடங்கினால் அறிவுக்குறையைப் பெரிதும் தடுக்கலாம். வளர்ந்தபின் அவ்வுணவைக் கைவிடுவோர்க்கு மனச்சோர்வும் பதற்றமும் தோன்றக்கூடும். 'நல்ல நிலம்' படைத்த பெர்ல் பக்கின் மகளுக்கு இருந்ததும் இந்நோயே. அக்குழந்தை 1920இல் பிறந்தது. மருத்துவ அறிவு பிந்தி வந்தது.

மனச்சிதைவு இத்துணை எளியதன்று. அதில் மரபணுக்கள் பல. எனினும் 1944–45இல் நெதர்லாந்துப் பஞ்சத்தின் உச்சத்தில் கருவானோரிடையே அந்நோய் ஏறத்தாழ இருமடங்கு காணப்பட்டது. வல்லாரை தின்றால் மருந்து வேண்டா என்பாரை நான் ஏற்பதில்லை. சூலுற்ற மருமகளைக் கடைசிப் பந்தியில் உட்காரவைப்பாரை அதனினும் ஏற்பதில்லை.

நமக்கு இது ஏட்டுச் செய்தியன்று. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நிகழ்ந்தவை. தாய்மாமனை மணத்தல் முஸ்லிம்களுக்கு விலக்கப்பட்டது. மாமன் மகளும் சிற்றப்பன் மகளும் விலக்கில்லை. பிற சமயத்தார் பலரிடையே தாய்மாமனும் முறைமாப்பிள்ளை. கணவன் மனைவி இருவரும் ஒரே குறையைச் சுமக்கும் வாய்ப்பு உறவில் மிகுதி. உறவுத் திருமணத்தை ஒரே நாளில் நிறுத்த ஒருவராலும் இயலாது. ஆனால், குழந்தை பால் குடிக்கத் தொடங்கிய இரண்டாம் மூன்றாம் நாளில் குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தம் இந்நோயைக் காட்டிவிடும். நம் நாட்டில் எல்லாக் குழந்தைகட்கும் இச்சோதனை இன்னும் செய்யப்படுவதில்லை. சிறப்புணவோ விலை மிக்கது. இரண்டையும் அரசே தர வேண்டுமென்னும் விண்ணப்பத்தில் மணவூர், திருத்தணிப் பெரியோரும் ஜமாஅத்தாரும் சேர்ந்து கையொப்பமிட்டால் என்ன?