பாலிசி வந்துவிட்டது, பார்த்தீர்களா?

தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர். பக்கத்தில் வரதராஜபுரம். 2015 டிசம்பரில் பெய்த பெருமழையில் அடையாறு கரை புரண்டது. வீடுகள் மூழ்கின. படகில் போய் ஜனங்களை மீட்டார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு பீரோவைத் திறந்தவர்கள் கண்டது என்ன? ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், இன்சூரன்ஸ் பாலிசி, எல்லாம் சேறும் கூழுமாக! இழந்த சான்றிதழ்களுக்குப் பதில் கொடுக்க அரசு சிறப்பு முகாம்களே நடத்த வேண்டியிருந்தது.

இன்று எடுக்கும் பாலிசியை வெள்ளம் ஒன்றும் செய்யாது. 2024 ஏப்ரல் 1 முதல், இன்சூரன்ஸ் கம்பெனிகள் பாலிசியை மின்னணு வடிவில் கொடுக்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் விதி செய்திருக்கிறது. பாலிசி இ-மெயிலில் வருகிறது. செல்போனில் திறந்து பார்க்கலாம். தாளில் உள்ள பாலிசிக்கு என்ன மதிப்போ, அதே மதிப்பு இதற்கும் உண்டு. எல்லாப் பாலிசிகளையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் மின்னணு இன்சூரன்ஸ் கணக்கும் இருக்கிறது. 2013-ல் அப்போது நிதி அமைச்சராக இருந்த ப.சிதம்பரம் அதைத் தொடங்கி வைத்தார். அதற்குக் கட்டணம் இல்லை.

நல்ல ஏற்பாடுதான். நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒரு கேள்வி. பாலிசி யாருக்கு வந்தது?

குரோம்பேட்டையில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். பணம் கட்டியவர் அப்பா. அவருக்கு இ-மெயில் பழக்கம் இல்லை. படிவத்தில் மகனின் முகவரியைக் கொடுத்தார். மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அவனுக்கு நாள்தோறும் நூறு கடிதம் வருகிறது. அதில் இதுவும் ஒன்று! சில வீடுகளில் ஏஜெண்டே தம் முகவரியை எழுதி விடுகிறார். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டோம். கட்டம் காலியாக இருக்கக்கூடாதே என்ற அவசரம்!

தபால்காரர் கவர் கொண்டுவந்த காலத்தில், அதை வாங்கி வைக்க வீட்டில் ஒருவர் இருந்தார். இப்போது பாலிசி சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதில் நஷ்டம் என்ன என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. புதிதாக எடுத்த பாலிசி பிடிக்கவில்லை என்றால், கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து விடலாம். பாதுகாப்பு இருந்த சில நாட்களுக்கான தொகை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் ஆகியவை போக மீதிப் பணம் திரும்ப வரும். முன்பு இதற்கு 15 நாள்தான் இருந்தது. 2024-ல் 30 நாளாக்கினார்கள். ஆனால் இ-மெயில் வந்து சேர்ந்தாலே பாலிசி கிடைத்ததாகத்தான் கணக்கு. மகன் திறந்து பார்க்கவில்லை என்பதற்காக நாள் நின்று கொண்டிருக்குமா?

படித்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? அப்பாவுக்கு ஏற்கெனவே சர்க்கரை வியாதி. ஏற்கெனவே உள்ள வியாதிக்கு 3 ஆண்டு வரை பணம் தர மாட்டோம் என்று நிபந்தனை போடக் கம்பெனிக்கு உரிமை உண்டு. அது பாலிசியில் எழுதியிருக்கும். அறை வாடகைக்கு வரம்பு இருந்தால் அதுவும் எழுதியிருக்கும். ஆஸ்பத்திரியில் பில் வந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்?

பாலிசி முழுவதும் ஆங்கிலம், எப்படிப் படிப்பது என்று சொல்வீர்கள். நியாயம். அதற்கும் வழி இருக்கிறது. பாலிசியோடு விவரத்தாள் ஒன்று தர வேண்டும். எதற்குப் பணம் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் சுருக்கமாக இருக்கும். கேட்டால் அதைத் தமிழிலேயே கொடுக்க வேண்டும். கேட்பவர்கள் குறைவு என்பதுதான் நம் வருத்தம். பாலிசியைத் தாளிலும் வேண்டும் என்று கேட்கலாம். விண்ணப்பம் எழுதும்போதே கேட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று. நள்ளிரவில் அப்பாவுக்கு நெஞ்சு வலி. அவருடைய செல்போன் பூட்டியிருக்கிறது. திறக்கும் எண் அவருக்கு மட்டுமே தெரியும். பணம் கட்டாமல் சிகிச்சை பெற ஆஸ்பத்திரி அனுமதி கேட்டால், கம்பெனி ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது 2024 மே மாத உத்தரவு. ஆனால் அந்த ஒரு மணி நேரம் ஆஸ்பத்திரி கேட்ட பிறகுதான் தொடங்கும். எந்தக் கம்பெனி, பாலிசி எண் என்ன என்று அம்மாவுக்குத் தெரியாவிட்டால் ஆஸ்பத்திரி எப்படிக் கேட்கும்? பால் கணக்கு எழுதும் நோட்டின் முதல் பக்கத்தில் அந்த எண்ணையும், கம்பெனியின் போன் எண்ணையும் இன்று மாலையே எழுதி வையுங்கள். பக்கத்து ஊரில் இருக்கும் மகளிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.

ஏஜெண்டு எழுதிய இ-மெயில் முகவரி தவறு என்று தெரிந்தால் கம்பெனிக்கு எழுதி மாற்றச் சொல்லுங்கள். மாற்றாவிட்டால் முதலில் கம்பெனியிலேயே புகார் கொடுங்கள். 155255 என்ற எண்ணில் ஆணையத்திடமும் முறையிடலாம். ஒரு மாதத்தில் கம்பெனி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லாவிட்டாலோ, இன்சூரன்ஸ் குறை தீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. வக்கீலும் வேண்டாம். அவருடைய சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கிண்டி; அங்கிருந்து மெட்ரோவில் தேனாம்பேட்டை.