ஹாலிஎலயிலிருந்து ஓர் அழைப்பு

ஹாலிஎலத் தோட்டத் தொழிலாளி ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "மகளைச் சென்னை டிவியில பாட வைக்கிறேன்னு ஒருத்தர் ஒரு லட்சம் கேக்குறாருங்க ஐயா. நகைய அடகு வைக்கவா?"

வேண்டாம் என்றேன். 2024இல் நிர்ணயித்த நாட்சம்பளமான 1,350 ரூபாவில் அது எழுபத்து நான்கு நாள் உழைப்பு!

2023இல் புசல்லாவை அசானியும் யாழ்ப்பாணத்துக் கில்மிஷாவும் ஜீ தமிழின் 'சரிகமப' மேடையில் பாடியதைக் கண்ட பெற்றோருக்கு ஆசை துளிர்த்ததில் தவறில்லை. அந்த ஆசையை விலைபேசுவோர்தாம் என் கவலை. நேர்மையான முகவர், கலைஞர் ஈட்டிய பின்னரே தம் பங்கைப் பெறுவார். வாய்ப்புத் தேடித்தர முற்பணம் வாங்குவதைக் கலிபோர்னியா 2009இல் இயற்றிய சட்டத்தால் தடைசெய்தது. இங்கே அடகுக்கடை வாசல்வரை முகவரே உடன் வருவார் போலும்.

ஒப்பந்தம் ஏதும் தந்தாரா என்று வினவினேன்.

"ஆங்கிலத்துல நாலு பக்கம், ஐயா. கையெழுத்துப் போட்டாச்சு."

படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.