சாம்ராஜ்யம் ஆள எத்தனை பொத்தான்கள் வேண்டும்?

கோடை விடுமுறை பிறந்ததும் உறவினர் வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று, சரித்திர சம்பந்தமான கணினி விளையாட்டுகளில் எதை வாங்கலாம் என்பது. கேள்வி எளியதுதான், ஆனால் அதற்குள்ளே ஒரு பழைய அபிப்பிராயம் ஒளிந்திருக்கிறது. விதிகள் எவ்வளவு பெருகுகின்றனவோ அவ்வளவுக்கு விளையாட்டு உண்மையான சரித்திரத்தை நெருங்குகிறது என்றும், சுலபமானது சிறுவர்களின் பொழுதுபோக்கே ஒழிய வேறல்ல என்றும் இதில் பழகியவர்கள் பலர் வாதிப்பது வழக்கம். இருபது ஆண்டுகளாக இரண்டு வகையிலும் எத்தனையோ ராஜ்யங்களை ஆண்டும் இழந்தும் பார்த்தவன் என்ற ஒரே யோக்கியதையை வைத்துக்கொண்டு, அந்த அபிப்பிராயம் பாதிக்குமேல் தவறு என்று சொல்லத் துணிகிறேன்.

1999-ல் வெளிவந்து, கால் நூற்றாண்டு கடந்தும் உலகெங்கும் போட்டி வைத்து ஆடப்படும் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம் பாகத்தில் உணவு, மரம், பொன், கல் என்று நான்கே செல்வங்கள். இருண்ட காலத்தில் தொடங்கிப் பேரரசுக் காலத்தில் முடியும் நான்கே யுகங்கள். ஆட்டை அடித்து, மரத்தை வெட்டி, குடிகளைப் பெருக்கி, எதிரி வருமுன் மதில் எழுப்பிக்கொள்ளும் வித்தையைப் பத்து வயதுப் பையன் ஒரு மாலைப்பொழுதில் கற்றுவிடுவான். 2022-ல் வந்த இந்திய விரிவாக்கத்தில் திராவிடர் என்றொரு நாகரிகம் சேர்க்கப்பட்டு, சுருள்வாள் வீசும் வீரர்களும் திரிசடை என்ற பெரிய போர்க்கப்பலும் அதற்கே உரிய படைகளாக அமைந்தன. ராஜேந்திர சோழனை நாயகனாகக் கொண்ட யுத்தத் தொடர் ஒன்றும் உண்டு. சோழர் கொடி திரையில் கடலேறுவதைக் காண மனம் பூரிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கடலில் காற்று என்பதே கிடையாது. 1025-ல் கடாரத்தின்மேல் சென்ற மெய்யான கப்பல்களுக்குப் பருவக்காற்றைவிடப் பெரிய எஜமானன் எவன் இருந்திருக்க முடியும்? கையில் மரமும் பொன்னும் இருந்தால் எந்த மாதத்திலும் எந்தத் திக்கிலும் கலம் செலுத்தலாம் என்ற கணக்கைக் கேட்டால் அக்காலத்து மாலுமி சிரித்திருப்பான். ஆனாலும் நான் இதைப் பெருங்குற்றமாக எண்ணவில்லை. ஏனெனில் இது வெளிப்படையான குறை. மரக்குதிரையில் ஏறி ஆடும் குழந்தைக்கு அது புல் தின்னாது என்பது நன்றாகவே தெரியும்.

சிக்கலான விளையாட்டின் பொய்யோ இப்படி வெளியே நிற்பதில்லை. ஸ்டாக்ஹோம் நகரத்துப் பாரடாக்ஸ் நிறுவனம் 2013-ல் வெளியிட்ட ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ்’ நான்காம் பாகம், வார்னா யுத்தத்துக்கு மறுநாளாகிய 1444 நவம்பர் 11-ல் தொடங்கி 1821 வரை நடக்கிறது. விஜயநகரம் உட்பட அன்றைய உலகத்து அரசுகளில் எதை வேண்டுமானாலும் ஏற்று நடத்தலாம். வரி, கடன், சமயம், கூட்டணி, வாரிசு என்று திரையின் மூலைமுடுக்கெல்லாம் பொத்தான்கள் நிறைந்திருப்பதையும், எது எதற்கென்று விளங்கிக்கொள்ளவே ஒரு வாரம் கழிவதையும் கண்டு பிரமித்துப்போனவன், இவ்வளவு நுணுக்கமாகச் செய்தவர்கள் தவறாகச் செய்திருக்க மாட்டார்கள் என்று தானாகவே நம்பிவிடுகிறான். அதன் வாணிபத்தை மட்டும் சற்று ஊன்றிப் பாருங்கள். உலக வியாபாரம் அங்கே ஆற்றைப் போல ஒரே திசையில் ஓடுகிறது. ஆங்கிலக் கால்வாய், ஜெனோவா, வெனிஸ் என்ற மூன்று துறைகளே அதன் கழிமுகங்கள். சோழமண்டலக் கரையின் செல்வம் மேற்கே போகலாம். மேற்கின் செல்வம் சோழமண்டலக் கரைக்குத் திரும்புவதற்கு, விஜயநகரத்தை நீங்கள் எத்தனை திறமையாக ஆண்டாலும், வாய்க்கால் வெட்டப்படவில்லை. மெய்யான சரித்திரத்திலோ, 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இந்தியத் துணிக்கும் மிளகுக்கும் விலையாக அமெரிக்கச் சுரங்கங்களின் வெள்ளி கப்பல் கப்பலாக இங்கே வந்து இறங்கியது. நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆடிய பிறகே இந்தப் பிசகு என் புத்திக்கு எட்டியது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அத்தனை கணக்குகளுக்கு அடியில் அது சௌகரியமாகப் படுத்திருந்தது.

அப்படியானால் சிக்கலே வேண்டாமா என்றால், அதுவும் என் கட்சியன்று. அதே நிறுவனம் 2020-ல் வெளியிட்ட ‘க்ருசேடர் கிங்ஸ்’ மூன்றாம் பாகத்தில் நாம் தேசத்தை ஆள்வதில்லை. ஒரு வம்சத்தை நடத்துகிறோம். அரசன் இறந்தால் அவன் வாரிசாக மாறுகிறோம். வாரிசற்றுப் போனால் ஆட்டமும் போயிற்று. முற்கால ஐரோப்பாவின் பாகப்பிரிவினை வழக்கப்படி, தகப்பன் நாற்பது வருஷம் வியர்வை சிந்திச் சேர்த்த நிலமெல்லாம் அவன் கண்மூடிய நாளில் பிள்ளைகளுக்குள் சிதறுவதையும், நேற்றுவரை மடியில் வைத்துக் கொஞ்சிய இளைய மகன் இன்று அண்டை நாட்டரசனாக, விரோதியாக நிற்பதையும் அனுபவித்தவனுக்கு, இடைக்கால ராஜ்யங்கள் ஏன் அப்படி உடைந்து உடைந்து சேர்ந்தன என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது ஆண் குழந்தை பிறந்த செய்தி வந்தபோது நான் ‘ஐயையோ’ என்று அலறிவிட்டேன். அடுத்த அறையிலிருந்த என் மனைவி என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள்.

இவ்வகைச் சிக்கல் வேறு. கணக்குப்பிள்ளைச் சிக்கல் வேறு. 1979-ல் ரிச்சர்டு பெர்க் என்பவர் அமைத்த, வட ஆப்பிரிக்க யுத்தத்தைப் பற்றிய பலகை விளையாட்டு ஒன்றை முழுவதும் ஆடி முடிக்க 1,500 மணி நேரம் பிடிக்கும் என்பார்கள். அதில் இத்தாலியப் படைகளுக்குப் பாஸ்தா வேகவைக்கத் தனியே தண்ணீர் ஒதுக்கவேண்டும் என்றுகூட ஒரு விதி உண்டு. ரசிக்கலாம், ஆடலாமா? இந்த வழக்கு கணினிக்கும் முற்பட்டது. பிரஷ்ய ராணுவத்தில் 1824-ல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி புகுத்திய யுத்த விளையாட்டு, விதிகளும் அட்டவணைகளும் மேன்மேலும் ஏறிக் கனத்துப்போகவே, 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற மற்றொரு அதிகாரி அவற்றை ஒதுக்கிவிட்டு, அனுபவசாலியான ஒரு நடுவரின் தீர்ப்பே போதும் என்று எழுதினார். சண்டையை நேரில் கண்டவர்களே அவ்வளவு அட்டவணை வேண்டாம் என்றால், நாற்காலியில் சாய்ந்திருக்கும் நாம் எதற்காக அலட்டிக்கொள்ள வேண்டும்?

ஆகவே, உத்தியோகம் முடிந்து இரவில் ஒரு மணி நேரமே அவகாசம் உள்ளவர் கூச்சமின்றி எளியதை எடுத்துக்கொள்ளட்டும். நீண்ட விடுமுறையும், பத்துத் தடவை தோற்றாலும் தாங்கும் பொறுமையும் உள்ள மாணவன் வம்ச ஆட்டத்தில் இறங்கிப் பார்க்கட்டும். கூடவே ஒரு நல்ல சரித்திரப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். என் நிலைமை இரண்டுங்கெட்டான். வாரநாட்களில் ஆடும் மரமுமாகக் காலம் போகிறது. என்னுடைய மற்ற ராஜ்யத்திலோ, அறுபத்து மூன்று வயது அரசர் மூன்று புதல்வர்களோடும் ஓயாத இருமலோடும் அரியணையில் வீற்றிருக்க, ஆட்டத்தை நிறுத்திவைத்து நாலு மாதம் ஆகிறது. அதைத் திறக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.